வெள்ள வரைபடமும் புல வரைபடமும்

1956 நவம்பர் 23 அன்று மருதையாற்று வெள்ளத்தில் அரியலூர் அருகே பாலம் உடைந்து ரயில் கவிழ்ந்ததைக் கல்லங்குறிச்சிப் பகுதி விவசாயிகள் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பர். இன்று வெள்ளப் பகுதிகளை ஐதராபாத்திலுள்ள தேசிய தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைந்து தருகிறது. ஆயினும் மூழ்கிய வயல் அதில் இல்லாமலும், மூழ்காத மேட்டு நிலம் உள்ளே விழுந்தும் காணப்படுவதுண்டு.

காரணம் எளிது. செயற்கைக்கோள் கடக்கும்போது தேங்கி நிற்கும் நீரே படத்தில் பதியும். இரவில் ஏறி விடியுமுன் வடிந்த நீர் பதியாது. மேலும், 1:50,000 அளவுள்ள வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் கோடு நிலத்தில் 25 மீட்டர்! சிறு விவசாயியின் வயல் அகலமே சில இடங்களில் அவ்வளவுதான். பெரிதாக்கிப் பார்த்தால் கோடு தடிக்குமேயன்றித் துல்லியம் கூடாது. புல வரைபடமோ எல்லையை மீட்டர் கணக்கில் காட்டும். மேடு பள்ளத்தைக் காட்டாது. ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றதைப் பொய் என்று சொல்ல இயலாது.

இரண்டையும் இணைப்பது நீர் ஏறிய மட்டமே. வெள்ளம் வடிந்தவுடன் மோட்டார் அறைச் சுவரில் நீர்க்கறையின் மேல்விளிம்பைக் கோடிட்டுத் தேதி எழுதவும். கொத்தனாரின் டியூப் லெவலைக் கொண்டு அம்மட்டத்தை எல்லைக் கல்லுக்கு மாற்றிக் குறித்து, புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். புல வரைபட நகலில் சர்வே எண், உட்பிரிவுடன் அவ்விடத்தைக் குறித்து, நிவாரணக் கணக்கெடுப்பின்போது கிராம நிர்வாக அலுவலரிடம் மனுவாகக் கொடுக்கவேண்டும்.

பயிர்ச்சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் நிவாரணம் என்பதால், அடங்கலில் பயிர் பதிவாகியிருப்பது மிக அவசியம். சாய்ந்த எல்லைக் கல்லைத் தாமே நடாமல், மனுச் செய்து நில அளவரைக் கொண்டு அளந்தே நடவேண்டும்.