பரிதி காட்டும் பதின்மூன்று இலக்க எண்

ஆனைமலைப் பகுதியில் தோன்றி, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, பொன்னானியில் கடலோடு கலக்கிறது பாரதப்புழை. நிளை எனவும் வழங்கும் இந்நதியின் நாட்டிலும் அதன் அண்டையிலும் 14ஆம் நூற்றாண்டு முதல் கணித ஆசிரியர் பரம்பரை ஒன்று தழைத்திருந்தது. அதன் முதல்வராகக் கருதப்படுபவர் சங்கமகிராமத்து மாதவர். அவர் பெயரால் வழங்கும் ஓர் எண்ணை இங்கு ஆராய்வோம். அது 28,27,43,33,88,233 ஆகும்.

விட்டம் 9,00,00,00,00,000 அலகுகளாயின், வட்டத்தின் பரிதி மேற்கூறிய எண்ணாகும் என்பது மாதவரின் கூற்று. பரிதியை விட்டத்தால் வகுத்தால் 3.14159265359222... எனக் கிடைக்கும். உண்மை மதிப்போ 3.14159265358979... ஆகும். அதாவது, பதினொரு தசம இடங்களுக்குத் திருத்தமானது. பூமியளவு பெரிதாக, 12,742 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டாலும், பரிதியில் நேரும் பிழை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கே.

இத்தகைய நுட்பம் கயிறு பிடித்து அளப்பதால் வருவதன்று. 1 − 1/(3×3) + 1/(5×9) − 1/(7×27) + ... என்னும் தொடரை 12இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால், விட்டம் 1 ஆகவுள்ள வட்டத்தின் பரிதி கிடைக்கும். இம்முறை மாதவருடையதே. இருபத்தோர் உறுப்புகளைக் கூட்டினாலே இந்த நுட்பத்தை எட்டிவிடலாம். இத்தகைய தொடர்களுக்குரிய நிரூபணங்களை 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் யுக்திபாஷை என்னும் மலையாள நூலில் விளக்கினார்.

அச்சு இல்லாத காலத்தில் இவ்வளவு நீண்ட எண்ணைக் காப்பது எளிதன்று. ஆகவே அதனைச் சொற்களாக மாற்றிச் செய்யுளில் அமைத்தனர். தேவர் என்றால் 33, கண் என்றால் 2, திசை யானை என்றால் 8, நட்சத்திரம் என்றால் 27 எனக் கொள்வது மரபு. ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கிச் சொற்களை வரிசைப்படுத்துவர். ஒரு சொல் விடுபட்டால் யாப்பே காட்டிக் கொடுத்துவிடும்.

இலக்கமாக எழுதும் நமக்கு யாப்பின் துணை இல்லை. ஆயினும் எண்ணே துணை செய்கிறது. அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 56. மேலும் கூட்டினால் 11, பின்னர் 2. எனவே 9ஆல் வகுக்க மீதி 2 ஆகும். மேற்கண்ட ஈவின் இறுதியில் 222... என வருவதன் காரணம் இதுவே. இவ்வெண் 3ஆல் வகுபடாது. இறுதி இலக்கம் 3 ஆதலால் 2ஆலும் 5ஆலும் வகுபடாது. விட்டத்தின் பகாக் காரணிகளோ 2, 3, 5 மட்டுமே. ஆகவே மாதவரின் பின்னம் மேலும் சுருக்க இயலாதது.

இவ்வெண்ணில் 0, 9 ஆகிய இலக்கங்கள் இல்லை. ஆதலால் படியெடுக்கும்போது எந்த ஓர் இலக்கம் பிழைபட்டாலும் மீதி 2 மாறிவிடும். ஆனால் 27ஐ 72 என இடம் மாற்றி எழுதினால் கூட்டுத்தொகை மாறாது, பிழை ஒளிந்துகொள்ளும். அதற்கு வேறொரு சோதனை உண்டு. வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டுக: ஒற்றை இடங்களில் 24, இரட்டை இடங்களில் 32. இடம் மாறிய எண்ணிலோ இவை 29, 27 ஆகிவிடும்.

சித்தூர், தேவிகுளம் வட்டங்களின் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் இவ்விரு சோதனைகளையும் கரும்பலகையில் செய்து காட்டலாம். மழையளவையும் நில அளவையும் ஏடு மாற்றி எழுதும் களப்பணியாளர், மூலத்திலும் படியிலும் இவற்றைச் செய்து ஒப்பிட்டால், இலக்கம் புரண்ட இடம் அன்றே புலப்படும்.