விடுமுறைக்காலமும் பனிக்கரடிப் பாதுகாப்பும்

கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக்காலத்தில் மேலைநாடுகளின் வாழ்த்து அட்டைகள், பரிசுப் பொருட்கள், குளிர்பான விளம்பரங்கள் எனப் பல இடங்களில் பனிக்கரடியின் உருவத்தைக் காணலாம். இதே காலத்தில் பல இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் பனிக்கரடியின் பெயரால் நன்கொடை திரட்டுகின்றன. இந்த நன்கொடை எந்தப் பணிகளுக்குப் பயன்படுகிறது, அதனால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பனிக்கரடியின் இன்றைய நிலை

பனிக்கரடி வடதுருவப் பகுதியில் மட்டுமே வாழும் விலங்கு. கனடா, ரஷ்யா, நார்வே, டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்து, அமெரிக்காவின் அலாஸ்கா ஆகிய இடங்களில் இது காணப்படுகிறது. இந்த ஐந்து நாடுகளும் 1973ஆம் ஆண்டு ஆஸ்லோ நகரில் பனிக்கரடிப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அக்காலத்தில் முதன்மையான அச்சுறுத்தலாக இருந்தது கட்டுப்பாடற்ற வேட்டை. உடன்படிக்கைக்குப் பின் அது பெருமளவு குறைந்தது.

இன்றைய அச்சுறுத்தல் வேறு. பனிக்கரடி தன் முக்கிய உணவான கடல்நாய்களை (சீல்) உறைந்த கடலின் மேல் நின்றுதான் வேட்டையாடுகிறது. புவி வெப்பமாதலால் அந்தக் கடற்பனி உருகி வருகிறது. செப்டம்பர் மாதத்தில் வடதுருவக் கடலில் எஞ்சும் பனிப்பரப்பு, 1981–2010 காலச் சராசரியுடன் ஒப்பிட, பத்தாண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு என்ற அளவில் குறைந்து வருகிறது. உலகில் ஏறத்தாழ 22,000 முதல் 31,000 பனிக்கரடிகள் இருப்பதாக 2015இல் மதிப்பிடப்பட்டது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இதை அழிவாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் வைத்துள்ளது.

கனடாவின் மேற்கு ஹட்சன் விரிகுடாப் பகுதி இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. வானிலிருந்து எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளின்படி அங்கு 2016இல் 842 கரடிகளும் 2021இல் 618 கரடிகளும் இருந்ததாக மதிப்பிடப்பட்டது.

டிசம்பர் மாதத்தில் பனிக்கரடி

விடுமுறைக்காலம் பனிக்கரடியின் வாழ்விலும் முக்கியமான பருவமாகும். ஹட்சன் விரிகுடாவில் கோடையில் பனி முழுவதும் உருகிவிடுவதால் கரடிகள் கரையேறி, உடற்கொழுப்பைக் கொண்டே மாதக்கணக்கில் பட்டினி கிடக்கின்றன. நிலத்தில் கிடைக்கும் பழங்களும் பறவை முட்டைகளும் அவற்றுக்குப் போதுமானவை அல்ல. 2024இல் வெளியான ஓர் ஆய்வில், கரையில் இருந்த 20 கரடிகளைக் கண்காணித்தபோது 19 கரடிகள் எடை இழந்தன. சராசரி இழப்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம். நவம்பரில் கடல் மீண்டும் உறைந்த பின்னரே அவை வேட்டைக்குத் திரும்ப முடியும். உறைதல் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் பட்டினியின் நீளத்தைக் கூட்டுகிறது.

கருவுற்ற பெண் கரடிகள் இக்காலத்தில் வளைக்குள் தங்குகின்றன. நவம்பர் முதல் ஜனவரி வரையான காலத்தில் குட்டிகள் பிறக்கின்றன. பெரும்பாலும் இரண்டு குட்டிகள் பிறக்கும். பிறக்கும்போது கண் திறவாத குட்டியின் எடை ஏறத்தாழ 600 கிராம் மட்டுமே. மார்ச் அல்லது ஏப்ரலில் குட்டிகள் வெளியே வரும்வரை தாய் எதையும் உண்பதில்லை. ஆகவே, தாய் முந்தைய வசந்த காலத்தில் எவ்வளவு கொழுப்புச் சேர்த்தது என்பதே குட்டிகள் பிழைக்குமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

விளம்பரமும் நன்கொடையும்

விடுமுறைக்கால விளம்பரத்தில் பனிக்கரடியைப் பரவலாக்கியதில் கோக்க-கோலா நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. 1922இல் பிரான்சில் அச்சான விளம்பரம் ஒன்றில் அந்நிறுவனம் பனிக்கரடியைப் பயன்படுத்தியது. 1993இல் வெளியான அசைபடத் தொலைக்காட்சி விளம்பரம் அந்த உருவத்தை உலகெங்கும் கொண்டு சென்றது.

2011ஆம் ஆண்டு விடுமுறைக்காலத்தில் அந்நிறுவனம் உலக இயற்கை நிதியத்துடன் இணைந்து ஒரு நிதி திரட்டலை நடத்தியது. வழக்கமான சிவப்புக் குவளைகளுக்குப் பதிலாகப் பனிக்கரடியும் குட்டிகளும் வரையப்பட்ட வெள்ளைக் குவளைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்பனைக்கு வந்தன. நிறுவனம் 20 இலட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. பொதுமக்கள் தரும் தொகைக்கு ஈடாக மேலும் 10 இலட்சம் டாலர் வரை தருவதாகவும் கூறியது. வெள்ளைக் குவளையைச் சர்க்கரையற்ற பானத்தின் வெள்ளிநிறக் குவளை என்று வாங்குவோர் பலர் குழம்பியதால், திட்டமிட்டதற்கு முன்பே டிசம்பரில் சிவப்புக் குவளைகள் திரும்பி வந்தன. இத்தகைய முயற்சிகளால் பாதுகாப்புப் பணிக்குப் பணம் கிடைப்பது உண்மை. எனினும் பொருள் வாங்குவதையே பாதுகாப்பு என்று எண்ணிவிடும் வாய்ப்பும் அவற்றில் உண்டு.

மற்றொரு பரவலான வழி அடையாளத் தத்தெடுப்பு ஆகும். நன்கொடை தருபவருக்குச் சான்றிதழ், ஒளிப்படம், பஞ்சுப் பொம்மை போன்றவை அனுப்பப்படும். பலர் இதைக் குழந்தைகளுக்குப் பரிசாகத் தருகின்றனர். குறிப்பிட்ட ஒரு கரடிக்கு உணவளிப்பது இதன் பொருளன்று. பணம் அமைப்பின் பொதுவான பாதுகாப்புப் பணிகளுக்குச் செல்கிறது.

நன்கொடையால் நடைபெறும் பணிகள்

மனிதர்–கரடி மோதலைத் தடுப்பது முதன்மையான பணிகளுள் ஒன்று. பனி தாமதமாக உறையும்போது பசித்த கரடிகள் ஊர்களை நெருங்குகின்றன. 2019 டிசம்பரில் ரஷ்யாவின் சுக்கோத்கா பகுதியிலுள்ள ரிர்காய்ப்பி என்ற சிற்றூரின் அருகே ஐம்பதுக்கும் மேற்பட்ட பனிக்கரடிகள் கூடின. ஊரில் பொது நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன, பள்ளிகளுக்குக் காவல் போடப்பட்டது. உள்ளூர் மக்களைக் கொண்ட கரடிக் கண்காணிப்புக் குழுக்கள் அங்கு செயல்படுகின்றன. உலக இயற்கை நிதியம் இத்தகைய குழுக்களுக்கு உதவி வருகிறது. ஊரைச் சுற்றி ரோந்து, குப்பையைக் கரடி எட்டாதபடி வைத்தல், ஒலியெழுப்பி விரட்டுதல் ஆகியவற்றால் மனித உயிரும் கரடியின் உயிரும் காக்கப்படுகின்றன.

வளைகளைப் பாதுகாப்பது மற்றொரு பணி. அலாஸ்காவின் வடகரையில் எண்ணெய்த் தேடல் குளிர்காலத்தில்தான் நடக்கிறது. இருப்பது தெரிந்த வளைகளிலிருந்து ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் தள்ளியே வேலை செய்ய வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. ஆனால் பனிக்கடியில் உள்ள வளையைக் கண்டறிவது கடினம். ஆகவே கண்டறியும் கருவிகளை மேம்படுத்தும் ஆய்வுகளுக்கு நிதி தேவைப்படுகிறது.

வடதுருவப் பழங்குடிகளான இனுயிட் மக்கள் பனிக்கரடியை மரபாக வேட்டையாடி வருபவர்கள். 1973 உடன்படிக்கை இந்த உரிமையை ஏற்கிறது. கனடாவில் பெரும்பாலான பகுதிகளில் ஆண்டுக்கு இத்தனை என்ற வரம்பு உண்டு. அவர்களது அனுபவ அறிவைச் சேர்த்துக்கொள்ளும் திட்டங்களே களத்தில் நிலைக்கின்றன.

நன்கொடையின் எல்லை

மேற்கண்ட பணிகள் கரடிகளுக்குக் காலத்தை வாங்கித் தருகின்றன. கடற்பனியை அவற்றால் மீட்க முடியாது. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்துக்கு ஏறத்தாழ 3 சதுர மீட்டர் செப்டம்பர் கடற்பனி இழக்கப்படுகிறது என்று 2016இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நீண்டதூர விமானத்தில் ஒருவர் சென்று திரும்பினால் வெளியேறும் அளவு பெரும்பாலும் ஒரு டன்னைத் தாண்டும். பனிக்கரடியைக் காண ஆண்டுதோறும் கனடாவின் சர்ச்சில் ஊருக்குப் பறந்து வரும் சுற்றுலாப் பயணிகளுக்கும் இக்கணக்கு பொருந்தும். இந்தியாவில் நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரத்துக்கும் பொருந்தும். ஏனெனில் இவ்வாயு எங்கு வெளியேறினாலும் உலக வளிமண்டலம் முழுவதும் கலந்துவிடுகிறது.

இதில் நம்பிக்கைக்கு இடமுண்டு. பசுமை இல்ல வாயுக்களின் வெளியேற்றத்தைக் குறைத்தால் கடற்பனி இழப்பு மட்டுப்பட்டு, பனிக்கரடி நிலைத்திருக்கும் வாய்ப்பு உயரும் என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது.

கவனிக்க வேண்டியவை

- நன்கொடை தருமுன் அமைப்பின் ஆண்டறிக்கையையும் கணக்கையும் பார்க்கவும். களப்பணிக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு என்பது அதில் தெரியும்.
- பனிக்கரடிப் படம் போட்ட பொருளை வாங்கினால், விலையில் எவ்வளவு, எந்த அமைப்புக்குச் செல்கிறது என்பது எழுதப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும். அது இல்லையெனில் படம் வெறும் அலங்காரமே.
- பரிசுப் பொருளைத் தவிர்த்து முழுத்தொகையும் பணிக்கே செல்லும்படி கொடுக்கும் வசதி உண்டா எனக் கேட்கலாம்.
- விடுமுறைப் பயணத்தில் இயன்ற இடங்களில் விமானத்துக்குப் பதில் இரயிலைத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டு மின் பயன்பாட்டைக் குறைக்கலாம்.
- சூரிய ஒளி, காற்று மின்சாரம், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றை விரிவாக்கும் கொள்கைகளுக்கு ஆதரவு தருவதே நீண்டகாலப் பயன் மிகுந்த உதவியாகும்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 27 பன்னாட்டுப் பனிக்கரடி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தாய்க்கரடிகளும் குட்டிகளும் வளைக்குள் இருக்கும் பருவத்தில் இந்நாள் அமைந்துள்ளது. டிசம்பரில் பிறந்த குட்டிகள் வெளியே வந்து கடற்பனியை அடைவதற்கு அப்போது இன்னும் சில வாரங்களே இருக்கும்.