பின்னலை அறுத்தால் தாய்மொழி போகுமா?

ரயில்வேயில் 36 ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். அயல்நாட்டில் படிக்கும் சீன மாணவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும், மனம் ஒரு ரயில் பாதையில்தான் போய் நிற்கிறது. சங்கத்து அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்!

1872ஆம் ஆண்டு சீன அரசு 30 சிறுவர்களைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1875 வரை ஆண்டுக்கு 30 பேராக மொத்தம் 120 பேர் போனார்கள். இதற்குப் பாடுபட்டவர் யுங் விங். 1854ல் யேல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். படிப்பு முடிந்து ஊர் திரும்பியபோது தாய்மொழி நாவில் வராமல், அதை மறுபடி கற்க வேண்டியிருந்தது அவருக்கு. ஆகவே, சிறுவர்களோடு சீன ஆசிரியர்களும் சென்றார்கள். ஹார்ட்ஃபோர்ட் நகரில் தலைமையிடம் அமைத்து, முறை வைத்துச் சீனப் பாடம் நடத்தினார்கள்.

ஆனால் சிறுவர்கள் தங்கியது அமெரிக்கக் குடும்பங்களில். ஆங்கிலம் விரைவில் ஒட்டிக்கொண்டது. நீண்ட அங்கி போய்க் கால்சட்டை வந்தது. பேஸ்பால் ஆடினார்கள். சிலர் சர்ச்சுக்குப் போனார்கள், சிலர் தலைப்பின்னலையும் அறுத்துவிட்டார்கள். அந்நாளில் பின்னல் என்பது அரசருக்கு அடங்கிய குடி என்பதன் அடையாளம். அதை அறுப்பது ராஜத்துரோகம்! பிள்ளைகள் நம்மவர்களாகத் திரும்பமாட்டார்கள் என்ற அச்சம் அதிகாரிகளைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்க ராணுவக் கல்லூரிகள் இவர்களைச் சேர்க்க மறுத்ததும் சேர்ந்துகொண்டது. 1881ல் எல்லோரையும் திரும்ப அழைத்துவிட்டார்கள். அதற்குள் பட்டம் முடித்தவர்கள் இரண்டே பேர்.

அவர்களில் ஒருவர் ஜான் தியென்யோ. (இந்த 'ஜான்' கிறிஸ்தவப் பெயரல்ல, சீனக் குடும்பப் பெயர்.) 11 வயதில் போய், யேலில் சிவில் இன்ஜினீயரிங் முடித்து வந்தவர். ஆனால் ஊரில் சந்தேகப் பார்வைதான் வரவேற்றது. கடற்படைப் பள்ளியில் போட்டார்கள். 1888ல்தான் ரயில்வேக்கு வர முடிந்தது.

1905ல் பீஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோ வரை சுமார் 200 கிலோமீட்டர் பாதை போடும் பொறுப்பு அவரிடம் வந்தது. வெளிநாட்டு இன்ஜினீயர்கள் இல்லாமல் சீனர்களே முடிக்க வேண்டும். இடையில் பெருஞ்சுவர் ஓடும் மலை. 1,091 மீட்டர் சுரங்கம் குடைந்தார்கள். செங்குத்தான இடத்தில் ரயிலை ஒரு முனை வரை ஏற்றி, அங்கே நிறுத்தி, திசை மாற்றி எதிர்ப்பக்கமாக மேலே ஏற்றினார். டார்ஜிலிங் மலை ரயிலில் போனவர்களுக்கு இந்த உத்தி தெரிந்திருக்கும். உள்ளே இருப்பவருக்கு வண்டி வந்த வழியே திரும்புவது போலத் தோன்றும், ஆனால் ஏறிக்கொண்டுதான் இருக்கும். 1909ல் பாதை திறக்கப்பட்டது.

என்னைக் கவர்ந்தது அவர் அதன்பின் செய்த வேலை. 1915ல் பொறியியல் சொற்களுக்கு ஆங்கில-சீன அகராதி ஒன்றை வெளியிட்டார். பின்னலை அறுத்த கூட்டத்தில் வளர்ந்தவர், கற்ற ஆங்கிலத்தைக் கொண்டு தாய்மொழிக்குச் சொல் சேர்த்தார்!

இன்றைய மாணவருக்குப் பின்னல் இல்லை, பெயர் இருக்கிறது. குடும்பப் பெயரை முன்னால் சொல்லிப் பழகியவர் அமெரிக்கப் படிவத்தில் அதைப் பின்னால் எழுத வேண்டும். ஆசிரியர் வாயில் பெயர் நுழையாது என்று பலர் ஓர் ஆங்கிலப் பெயரையும் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் 'என் பெயரையே சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். இலக்கணமும் வாசிப்பும் பரீட்சைக்காகக் கரைத்துக் குடித்திருந்தும் பேச வாய் வராத நிலைக்குச் சீனர்களே வைத்த பெயர் 'ஊமை ஆங்கிலம்'. 2019-20 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 3,72,000 சீன மாணவர்கள் இருந்தார்கள். 2023-24ல் அது சுமார் 2,77,000 ஆகக் குறைந்தது. அத்தனை பேர் வீட்டிலும் பெற்றோருக்கு அந்தப் பழைய அதிகாரிகளின் கவலையில் கொஞ்சமாவது இருக்கத்தானே செய்யும்?

எனக்கும் இருந்தது. தமிழ் மீடியத்தில் படித்து பாலிடெக்னிக் போன நாளில் நானும் ஊமை ஆங்கிலக்காரன்தான். வேலைக்கு வட இந்தியா வந்தபின் இந்தியும் சேர்ந்துகொண்டது. 1996ல், ஏழு வயது மகன் வீட்டிலும் இந்தியே பேசுவதைக் கண்டு ஒரு சட்டம் போட்டேன். இந்தி வார்த்தை ஒன்றுக்கு 25 பைசா உண்டியலில் போட வேண்டும்!

உண்டியல் நிறையவில்லை. பையன் பேசுவதையே குறைத்துக்கொண்டான். ஒரு நாள் என் மனைவி சொன்னாள்: "ஸ்கூல்ல நடந்ததைச் சொல்ல ஆசையா ஓடி வர்றான். தமிழ் வார்த்தை கிடைக்காம நின்னுட்டு, ஒண்ணும் சொல்லாமலே போயிடறான். உங்களுக்குத் தமிழ் வேணுமா, பிள்ளை வேணுமா?" அன்றே உண்டியலைப் பரண்மேல் ஏற்றினேன். அவன் வாயில் எந்த மொழி வந்தாலும் கேட்டு, தமிழில் பதில் சொல்லத் தொடங்கினேன்.

பிள்ளை அயல்மொழி கற்பதால் நம் மொழி போய்விடாது. நம்மோடு பேசுவதை அவன் நிறுத்தினால்தான் போகும். இது அனுபவம் சொல்லித் தந்த பாடம்.

இப்போது மகன் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைக்கிறான். தமிழில்தான் பேசுகிறான். நடுநடுவே இந்தியும் ஆங்கிலமும் வந்து விழும். நான் எண்ணுவதில்லை.