அடைப்பத்தில் உறங்கும் எஃகு

பழைய நாணயங்களைத் தேடிச் சேர்ப்பவரை வரலாற்று ஆர்வலர் என்று உலகம் போற்றுகிறது. அஞ்சல் முத்திரை திரட்டும் மாணவனை ஆசிரியர்கள் தட்டிக்கொடுக்கின்றனர். ஆனால், பழைய சவரக்கத்திகளைச் சேர்க்கிறேன் என்று நான் சொன்னபோது நண்பர் பலர் முகம் சுளித்தனர். "வேறு பொருள் அகப்படவில்லையா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். அந்தச் சுளிப்பு இரும்பின்மீது எழுந்தது அன்று. அவ்விரும்பைக் கையாண்டவர்மீது நம் சமூகம் நெடுங்காலம் கொண்டிருந்த இளக்காரத்தின் எச்சமே அது. ஆகவேதான் இக்கத்திகளைப் பற்றி இலக்கிய அன்பர்களுக்குச் சில சொல்லத் துணிந்தேன்.

நான் வாழும் நுரைச்சோலை, ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்புமாக நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ளது. 900 மெகாவாற் அனல்மின் நிலையத்தைக் கொண்டே நாடு இன்று இவ்வூரை அறியும். இப்பகுதி முஸ்லிம் மக்களிடையே முன்னாளில் 'ஒஸ்தா' என்பவர் இன்றியமையாதவராய் இருந்தார். பிறந்த குழந்தைக்கு முடி இறக்குபவர் அவரே. சிறுவருக்குச் சுன்னத்துச் செய்பவரும் அவரே. 'ஒஸ்தா மாமா வருகிறார்' என்ற சொல் கேட்டாலே பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வர். யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே நாவிதரைப் 'பரியாரி' என்று அழைத்த வழக்கும் இதனையே உணர்த்தும்; பரிகாரி என்றால் நோய்க்குப் பரிகாரம் காண்பவர். இலண்டன் மாநகரிலும் 1540 முதல் 1745 வரை நாவிதரும் சத்திரவைத்தியரும் ஒரே சங்கத்தினராகவே விளங்கினர். ஒரே கையைக் காலம் இரண்டாகப் பிரித்தது. ஒன்றை உயர்த்திற்று, மற்றதைத் தாழ்த்திற்று.

கில்லற் என்னும் அமெரிக்கர் கழற்றி எறியும் அலகுக்கு 1904இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபின் அதன் அரசே படைவீரருக்கு அவ்வகைச் சவரக்கருவிகளை வழங்கியது. அதன்பின் பழைய கத்தியின் ஆட்சி மெல்லச் சரிந்தது. சுன்னத்தும் பெரும்பாலும் வைத்தியரிடம் போயிற்று. நோய் பரவாமைக்கு அது நன்றே. அதனை நான் குறைகூறவில்லை. ஆயினும் அடைப்பம் என்னும் நாவிதர் பையில் உறங்கிய கத்திகள் என்னவாயின? உப்புக்காற்றில் துருவேறி, பழைய இரும்போடு இரும்பாக நிறுத்து விற்கப்பட்டன.

அவ்வாறு எறியத் தக்கவையா அவை? இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜேர்மனியின் சோலிங்கனும் இத்தொழிலின் இரு தலைநகரங்கள். ஷெஃபீல்டில் 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகு உருக்கும் முறையைக் கண்டார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மூசையில் எஃகு உருக்கினர். ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றழைத்த நம் பக்கத்து எஃகை, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தி வினைஞரோடு சேர்ந்து ஆராய்ந்தவர் விஞ்ஞானி மைக்கேல் ஃபரடே. 1820இலும் 1822இலும் அவ்விருவரும் கலப்பு எஃகு பற்றிய ஆய்வுகளை வெளியிட்டனர். அவ்வெஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபரடே தம் நண்பருக்குப் பரிசளித்தார். விஞ்ஞானி பரிசளிக்கத் தக்கதென்று கருதிய பொருளை நாம் காண முகம் சுளிக்கிறோம்!

இத்துறையில் இறங்க விரும்பும் இளைஞர், முதலில் கத்தியைப் படிக்கக் கற்கவேண்டும். அலகின் கழுத்தில் செய்தவர் குறி இருக்கும். நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் இருப்பின் ஜோசப் றொஜர்ஸ். இரட்டையர் உருவம் இருப்பின் சோலிங்கனின் ஹென்கெல்ஸ். முடியோடு விக்டோரியா மகாராணியாரின் முதலெழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் 1837க்கும் 1901க்கும் இடைப்பட்டது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டுமென்று 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் விதித்தது. ஆகவே 'இங்கிலாந்து', 'ஜேர்மனி' என்ற பொறிப்பு உடையவை பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டவை.

அடுத்து, கூரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கூரில் வெடிப்பு இருந்தால் அக்கத்தி காட்சிக்கே உரியது. முதுகில் துருவிருப்பது குற்றமன்று. கூரில் துருக்குழி விழுந்திருந்தால் மீட்பது அரிது. கைப்பிடி செலுலோயிட்டால் ஆனதாயின் அதனை மற்றவற்றோடு வைக்கலாகாது. அது சிதையும்போது வெளிப்படும் அமில ஆவி அண்டைக் கத்தியையும் அரித்துவிடும்.

துருவை நீக்க மண்ணெண்ணெயில் ஒருநாள் ஊறவைத்து, மிக மென்மையான எஃகுப் பஞ்சால் தேய்த்தல் போதும். சுழலும் சாணையில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு சூடேறி நீலம் படர்ந்தால் எஃகின் கடினம் போயிற்று என்பதே பொருள். பின்னர் அது கூர் தாங்காது. செந்நிறத் துரு பகை. அதன் அடியில் படிந்திருக்கும் கருமையோ காவல். செம்மையை நீக்குக, கருமையை விடுக. தீட்டும்போது அலகின் முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படியவேண்டும். முதுகின் தடிப்பே கூரின் கோணத்தை நிர்ணயிக்கிறது. கல்லில் கூர் முன்னே செல்லும். தோல்வாரில் முதுகு முன்னே செல்லும். மாற்றிச் செய்தால் வார் அறுபடும். எங்கள் கடற்கரையில் தேங்காயெண்ணெய் மலிவு. எனினும் அது நாட்பட்டால் பிசுபிசுக்கும். தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் நனைத்துப் பூசி, உலர்ந்த பெட்டியில் வைத்தலே நன்று. தோலுறை ஈரத்தைத் தேக்கும். ஒருவர் கத்தியை மற்றொருவர் முகத்தில் வைக்கலாகாது என்பதையும் மறவாதீர்.

என்னிடம் உள்ள கத்திகளுள் ஒன்றை நான் துலக்கவே இல்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். அவ்வாறு வந்த ஒஸ்தா ஒருவர், கையில் எடுக்க முடிந்த சிலவற்றுள் ஒன்றாகத் தம் கத்தியையும் கொண்டுவந்தார். அதனை என்னிடம் தந்தவர் அவருடைய பேரன். ஆண்டாண்டாகக் கல்லில் தீட்டப்பட்டு அதன் அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. "வைத்துக்கொள்ளுங்கள் சேர், ஆனால் அப்பாவின் அப்பா பெயரை எங்கும் எழுதிவிடாதீர்கள். பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும் வயது" என்றார் அவர்.

சேர்ப்பவனுக்கு ஒரு பொருளின் உயிர் அதன் வரலாறு. பெயரில்லாக் கத்தி பாதிக் கத்தி. எனினும் அப்பேரனின் அச்சத்தைப் பொருளற்றது என்று நான் எப்படிச் சொல்வேன்? அதனை அவர் மனத்தில் விதைத்தது நாமன்றோ! நூற்றுக்கணக்கான குழந்தைகளின் தலையை ஒரு கீறலும் இன்றித் தொட்ட கை, தன் பேரப்பிள்ளைகளின் திருமணத்துக்குத் தடையாகும் என்றால் நாணவேண்டியவர் யார்?

ஒவ்வொரு கத்தியோடும் ஒரு சீட்டுக் கட்டிவைப்பது என் வழக்கம்: ஊர், தொழில், கிடைத்த ஆண்டு, பெயர். அந்தக் கத்தியின் சீட்டில் முதல் மூன்றையும் எழுதினேன். பெயருக்குரிய இடம் வெறுமையாகவே இருக்கிறது. அதனை நிரப்பும் உரிமை எனக்கில்லை. அக்குடும்பத்தார் தாமே வந்து அதனை நிரப்பத் தயங்காத நாள் வரவேண்டுமாயின், வகுப்பறையில் 'உன் தகப்பன் என்ன தொழில்?' என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையும் தலைகுனியாமல் விடை சொல்லவேண்டும். அது ஆசிரியப் பெருமக்கள் கையில் உள்ளது.