தொண்டையில் துடிக்கும் நாடி

சென்ற ஆண்டு என் தங்கைக்கு டான்சில் அறுக்க வேண்டியதாயிற்று. வைத்தியர் அவள் வாயைத் திறக்கச் செய்து, தொண்டையின் பின்சுவரை நெடுநேரம் உற்று நோக்கினார். வீணே காலம் போக்குகின்றாரே என்று நான் உள்ளூர நொந்தேன். காரணத்தை அவர் விளக்கியபின் நாணினேன். அன்று கேட்டதையும் பின்னர்க் கற்றதையும் ஈண்டுச் சுருங்க எழுதுகின்றேன்.

கழுத்தின் இருமருங்கும் ஏறிச்செல்லும் பெருந்தமனி கரோட்டிட் எனப்படும். அதனை அழுத்தின் மயக்கமுண்டாம் எனப் பண்டைக் கிரேக்கர் கருதினமையின், மயக்குதல் என்னும் பொருள்படும் சொல்லடியாக இப்பெயர் பிறந்தது. குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பளவில் அஃது இரண்டாகப் பிரியும். வெளிக்கிளை முகத்திற்குக் குருதி ஊட்டும். உட்கிளையோ கழுத்தில் யாதொரு கிளையும் விடாது, செவியை அடக்கிய கபால எலும்பினுள் நுழைந்து, மூளையையும் கண்ணையும் அடையும். வளர்ந்தோரிடத்து இவ்வுட்கிளை டான்சிற் குழிக்குப் பின்னும் புறத்துமாக ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் விலகி நிற்பதே இயல்பு.

சிலரிடத்து அஃது ஆறுபோல் வளைந்து, தொண்டையின் பின்சுவரில் மெல்லிய சவ்வின் கீழேயே வந்து கிடக்கும். முதுமையில் தமனி நீண்டு நெளிவதாலும் இது நேரும், பிறவியிலும் அமையும். 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறுகூறு இன்றிப் பிறந்த குழந்தைகளிடம் இம்மாறுபாடு மிகுதி. அவர்களுட் பலருக்குப் பேச்சுத் திருந்தும் பொருட்டு அவ்விடத்திலேயே அறுவை செய்ய வேண்டியிருத்தல் இரங்கத்தக்கது. இப்புடைப்பைச் சீழ்க்கட்டியென மயங்கிக் கீறினால் உயிருக்கே இறுதியாம்.

செவியினும் இத்தகைய மயக்கமுண்டு. கருவில் உட்கிளையின் கழுத்துப் பகுதி வளராதொழியின், சிறு தமனியொன்று பெருத்து அதன் தொழிலை ஏற்று, நடுச்செவியின் வழியே செல்லும். செவிப்பறையின் பின்னே செந்நிறம் தோன்றும். நோயாளிக்குத் தம் நாடியோசையே காதில் ஒலிக்கும். கட்டியெனக் கருதிச் சிறிது கிள்ளியெடுப்பின் குருதி பெருக்கெடுக்கும், பக்கவாதமும் நேரலாம்.

இவற்றிற்குப் பெரும்பாலும் சிகிச்சை வேண்டுவதில்லை. இருப்பதை அறிந்து தொடாது விடுதலே போதும். கண்ணால் நோக்கியும் விரலால் தொட்டும் துடிப்பை அறியலாம். துடிப்புப் புலப்படாத இடத்தும் ஐயமுண்டாயின் உட்படம் எடுத்தல் வேண்டும். 1971-இல் இலண்டனில் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பயன்பட்ட சி.டி. கருவி, தமனியின் வழியையும் அதனைச் சூழ்ந்த எலும்பையும் இன்று தெளிவுறக் காட்டுகின்றது.

என் தங்கையிடம் இம்மாறுபாடு ஒன்றுமில்லை, அவள் நலமுற்றாள். தமிழ் பயிலும் எனக்கு ஒன்று தோன்றிற்று: நாடி என்பது குருதிக்குழாய்க்குப் பெயர், ஆராய்ந்து என்னும் பொருளில் வினையெச்சமுமாம். நாடியை நாடி அறிந்த பின்னரே கத்தியை எடுத்தல் கடன். அதற்காகும் காலம் வீண்காலம் அன்று.