போன வாரம் எத்தனை முட்டை?

“அக்கா, போன ஏழு நாள்ல வீட்ல எத்தனை முட்டை ஆச்சு?”

திண்ணையில் உட்கார்ந்து, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் கேட்கிறார். எதிரே நிற்பவர் கண்ணை மேலே உருட்டி யோசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆறு வாங்கியது ஞாபகம் இருக்கிறது. மாமனார் வந்த அன்றைக்கு நாலு. ஆனால் அவர் வந்தது இந்தப் புதனா, அதற்கு முந்தின புதனா? வீட்டுக் கோழி வேறு இட்டுக்கொண்டிருக்கிறது. காசு கொடுக்காத முட்டையையும் சொல்ல வேண்டுமா? “பத்துன்னு போட்டுக்க தம்பி” என்கிறார் கடைசியில்.

வீட்டுக் கோழியின் முட்டைக்கும் கணக்கு உண்டு. விளைந்த இடத்தில் என்ன விலைக்குப் போகுமோ அந்த விலையில் அதைச் செலவாக எழுதிக்கொள்வார்கள். 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரை நடந்த வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 2,61,746 வீடுகளில் இதைப் போன்ற கேள்விகள் கேட்கப்பட்டன. 8,723 கிராமங்கள், 6,115 நகர்ப்புற வட்டாரங்கள். உப்பிலிருந்து ஊசி மருந்து வரை 405 பொருள்களும் சேவைகளும். ஒவ்வொரு வீடும் தன்னைப் போன்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்காகப் பேசுகிறது. அந்த அக்காவின் மாமனார் எந்தப் புதன்கிழமை வந்தார் என்பது, அவருக்கே தெரியாமல், தேசியப் பிரச்சினையாகிவிடுகிறது.

இதைத் தொடங்கிவைத்தவர் பி.சி. மகலனோபிஸ். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அவர், வங்காளத்தில் எவ்வளவு சணல் விளைகிறது என்று வயல் வயலாகப் போகாமலே கண்டுபிடிக்கும் வேலையில் 1930களின் இறுதியில் இறங்கினார். சில வயல்களை மட்டும் குலுக்கல் முறையில் பொறுக்கி அளந்தால் போதும் என்பது அவர் கட்சி. கணக்கு சரிதானா என்று பார்க்க அவர் வைத்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே மாதிரியை ஒரே குழுவிடம் கொடுக்காமல், தனித்தனியாகப் பொறுக்கிய இரண்டு மாதிரிகளை இரண்டு குழுக்களிடம் கொடுப்பார். இரண்டின் விடையும் ஒட்டி வந்தால் நம்பலாம். விலகினால், விலகிய தூரமே பிழையின் அளவைக் காட்டிவிடும். சணலில் தேறிய இந்த வித்தை 1950 அக்டோபரில் மனிதர்களிடம் வந்தது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதல் சுற்று அப்போது கிராமங்களில் தொடங்கி அடுத்த மார்ச்சு வரை நடந்தது.

எந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குக் கணிதம் நல்ல விடை வைத்திருக்கிறது. கிராமத்தைக் குலுக்கிப் பொறுக்கு. பெரிய ஊராக இருந்தால் துண்டு போடு. பொறுக்கிய பகுதியில் ஒரு வீடு விடாமல் பட்டியல் எடு. அதிலிருந்து குறிப்பிட்ட வீடுகளை மறுபடி குலுக்கு. 2022-23இல் ஓர் ஊருக்குப் பதினெட்டு வீடுகள். கிராமமானால் எவ்வளவு நிலம் இருக்கிறது, நகரமானால் சொந்தக் கார் இருக்கிறதா என்று பார்த்து முதலிலேயே பிரித்துக்கொண்டார்கள், வசதிக்காரர்கள் குலுக்கலில் நழுவிவிடக் கூடாது என்று. ஒரே கூரையின் கீழ் அண்ணனும் தம்பியும் தனித்தனி உலை வைத்தால் அது இரண்டு குடும்பம். உலைதான் இங்கே அளவுகோல். ரேஷன் கார்டு இல்லை. (“ரேஷன் கார்டுல எதுவும் கை வைக்க மாட்டீங்களே?” என்று கேட்காத வீடு குறைவாகத்தான் இருக்கும்.)

இதுவரை சுகம். சிக்கல் வாயைத் திறக்கும்போது தொடங்குகிறது, ஏனென்றால் அளவுகோலாகப் பயன்படப்போவது மனித ஞாபகம்.

முட்டைக்கு ஏழு நாள் கேட்டார்களா? அரிசிக்கு முப்பது நாள் கேட்பார்கள். சேலைக்கும் செருப்புக்கும் 365 நாள். இந்த மூன்று ஜன்னல்களுக்குப் பின்னால் அரை நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது.

ஜன்னலை நீட்டினால் மறதி வரும். முப்பது நாளைக்கு முன் சாப்பிட்ட வடையை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? சுருக்கினால் நேர் எதிரான கோளாறு. பத்து நாளைக்கு முன் வாங்கியதும் ‘போன வாரம்’ என்ற பையில் வந்து விழும். மாமனாரின் புதன்கிழமை போல. 1950களின் தொடக்கத்திலேயே மகலனோபிஸின் ஆட்கள் இதைச் சோதித்தார்கள். மேற்கு வங்கக் கிராமங்களில், வீட்டில் புழங்கிய உணவுப் பொருள்களை நேரடியாக எடைபோட்டு, மக்கள் வாயால் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டார்கள். வாரக் கணக்கு எகிறி நின்றது. மாதக் கணக்கு தராசுக்குப் பக்கத்தில் வந்தது. முப்பது நாள் என்று முடிவாயிற்று.

நாற்பது ஆண்டுகள் அப்படியே ஓடின. மற்ற நாடுகள் உணவுக்கு வாரக் கணக்குக்கு மாறிக்கொண்டிருந்தபோது இங்கேயும் சந்தேகம் வந்தது. 1994க்கும் 1998க்கும் இடையே நடந்த சுற்றுகளில் பாதி வீடுகளுக்குப் பழைய படிவம், பாதி வீடுகளுக்குப் புதிய படிவம் என்று குலுக்கிக் கொடுத்தார்கள். புதியதில் உணவுக்கு ஏழு நாள். துணிமணி போன்ற எப்போதாவது வாங்கும் சாமான்களுக்கு 365 நாள். புதிய படிவம் போன வீடுகளில் உணவுச் செலவு ஏறத்தாழ முப்பது சதவீதம் கூடுதலாக வந்தது! ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே சோறு. கேள்வியை மாற்றியதும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. எந்தத் திட்டமும் இப்படியொரு வேகத்தில் வறுமையை ஒழித்ததில்லை.

துணிக்கான நீண்ட ஜன்னலும் இதில் கைகொடுத்தது. புதுத் துணி எடுப்பது பொங்கலுக்கோ தீபாவளிக்கோ. மாதக் கணக்கு கேட்டால் பெரும்பாலான ஏழை வீடுகளில் பூஜ்யம் விழும். ஆண்டுக் கணக்கு கேட்டால் எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு தொகை வரும். உடனே அடித்தட்டு சற்று உயர்ந்து நிற்கும்.

1999-2000இல்தான் உண்மையான குளறுபடி. இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்த நினைத்தார்களோ என்னவோ, ஒரே வீட்டில் ஒரே பக்கத்தில் ஏழு நாள் கணக்கையும் முப்பது நாள் கணக்கையும் அடுத்தடுத்த பத்தியில் கேட்டார்கள். மனிதர்கள் என்ன செய்வார்கள்? வாரத்துக்கு ஒரு கிலோ என்றால் மாதத்துக்கு நாலு கிலோ என்று பெருக்கிச் சொல்லிவிடுவார்கள். இரண்டு விடைகளும் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொண்டன. 1993-94இல் 35.97 சதவீதமாக இருந்த வறுமை, மாதக் கணக்கில் 26.10 என்றும் வாரக் கணக்கில் 23.33 என்றும் வெளியானது. இதில் உண்மையான குறைவு எவ்வளவு, படிவத்தின் கைங்கரியம் எவ்வளவு? பொருளியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். அந்தச் சிக்கலை அவிழ்க்க முயன்றவர்களில் முக்கியமானவர் ஆங்கஸ் டீட்டன். 2015இல் நோபல் பரிசு பெற்றபோது, வீட்டுக் கணக்கெடுப்புகளைப் பற்றிய அவருடைய வேலையும் குறிப்பிடப்பட்டது.

பிறகு மறுபடி தராசைத் தூக்கினார்கள். இந்த முறை விடை பொருளுக்குப் பொருள் மாறியது. அரிசி, பருப்புக்கு மாதக் கணக்கு மேல். காய்கறி, பழம், முட்டை, கறிமீனுக்கு வாரக் கணக்கு மேல். யோசித்தால் நியாயம்தான். அரிசியை மூட்டையாக வாங்குகிறோம். கத்திரிக்காயை முந்தானையில் முடிந்த சில்லறைக்கு வாங்குகிறோம். ஞாபகம் மூட்டையை நெடுநாள் சுமக்கும், சில்லறையைச் சீக்கிரம் தொலைக்கும். இன்றைய மூன்று ஜன்னல்கள் வந்தது இப்படித்தான்.

சாப்பாட்டில் இன்னொரு சங்கடம், யார் கணக்கில் எழுதுவது? கல்யாண வீட்டில் ஐநூறு பேர் சாப்பிடுகிறார்கள். அத்தனை பேர் வீட்டிலும் எழுதி, கல்யாண வீட்டிலும் எழுதினால் ஒரே சோறு இரண்டு முறை வெந்துவிடும். ஆகவே பல சுற்றுகளில், பரிமாறியவர் கணக்கிலேயே விருந்தை எழுதினார்கள். வயல் வேலைக்கு வந்தவர் நிலக்காரர் வீட்டில் சாப்பிட்ட மதியச் சோறும் நிலக்காரர் பெயரில்தான் ஏறியது. கூட்டுத்தொகை தப்பாது. ஆனால் அந்தப் பட்டியலை வைத்து யார் எத்தனை கலோரி உண்டார் என்று பார்த்தால், வசதியானவர் வயிற்றில் கூலியாளின் சோறும் சேர்ந்தே இருக்கும்.

இத்தனை ஓட்டைகளோடும் இந்தக் கணக்கு சொல்லும் செய்திகள் வேறெங்கும் கிடைக்காதவை. 1999-2000இல் கிராமத்து வீட்டுச் செலவில் நூற்றுக்கு 22 ரூபாய் தானியத்துக்கே போனது. 2022-23இல் ஐந்து ரூபாய்க்கும் கீழே. ரேஷன் அரிசிக்கு அதில் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தட்டே மாறிவிட்டதும் உண்மை. அந்த ஆண்டில் ஒரு கிராமவாசியின் மாதச் செலவு இந்திய அளவில் சராசரியாக 3,773 ரூபாய், தமிழ்நாட்டில் 5,310. இதற்கு முந்தைய முழுக் கணக்கு 2011-12க்குரியது. நடுவில் 2017-18இல் எடுத்ததைத் தரம் சரியில்லை என்று சொல்லி அரசு வெளியிடவில்லை. ஓட்டையுள்ள கணக்கையும் வெளியே வைத்தால்தான் அதன் ஓட்டையை நாலு பேர் பார்க்க முடியும் என்பது என் எண்ணம். பூட்டி வைத்ததில் பதினோரு ஆண்டு இருட்டுதான் மிச்சம்.

வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு தனி. ஆனால் அங்கேயும் இதே ஜன்னல் விளையாட்டு. வேலை இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடிந்தவர்கள் மாதச் சம்பளக்காரர்கள் மட்டும்தான் என்பதை 1970இல், வேலையின்மைக் கணக்கீட்டை ஆராய்ந்த தந்த்வாலா குழு உணர்த்தியது. நடவுக்கும் அறுப்புக்கும் வேலை, நடுவில் ஒன்றுமில்லை என்று வாழ்பவரை எதில் சேர்ப்பது? ஆகவே போன 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தீர்கள் என்று ஒரு கேள்வி. போன ஏழு நாளில் என்ன செய்தீர்கள் என்று இன்னொன்று. ஆண்டுக் கண்ணாடியில் வேலைக்காரராகத் தெரிபவர், வாரக் கண்ணாடியில் வேலை தேடுபவராகத் தெரியலாம். 2017 முதல் இது தொடர் கணக்கெடுப்பாக நடக்கிறது. 2025 முதல் மாதந்தோறும் எண்கள் வருகின்றன.

வாரக் கணக்கில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே ‘வேலையில் இருப்பவர்’. கேட்டதும் கோபம் வரும், எனக்கும் வந்தது. அதற்கொரு காரணம் சொல்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் விளைந்தது நாட்டின் உற்பத்தியில் ஏறுகிறது. விளைவித்த கை மட்டும் கணக்கில் இல்லாமல் போகலாமா? வாதம் சரி. ஆனால் அந்த ஒரு மணி நேரக் கூலியில் அடுப்பு எரியுமா என்பது வேறு கேள்வி. அதை இந்த எண்ணிடம் கேட்கக் கூடாது.

விதிகள் இன்னும் நுணுக்கமானவை. சொந்தச் சாப்பாட்டுக்கு நெல் விளைவித்தால் அது பொருளாதார நடவடிக்கை. அதே நெல்லை வீட்டுக்கென்று குத்தி அரிசியாக்கினால் இல்லை. மாவாட்டி விற்றால் சொந்தத் தொழில், குறியீட்டு எண் 11; ஆட்டி வார்த்துப் போட்டால் வீட்டு வேலை, எண் 92. விறகும் மாட்டுக்குத் தீவனமும் தேடிக் கொண்டுவந்தால் 93. 92, 93 என்ற இந்த இரண்டு எண்களுக்குள் நாட்டின் பெண்களில் கணிசமானோர் இருக்கிறார்கள்.

அங்கேதான் களப்பணியாளரின் திறமை தெரியும். “என்ன வேலை பாக்குறீங்க அக்கா?” என்று கேட்டால் வரும் பதில் நம் எல்லோருக்கும் மனப்பாடம்: “வேலையெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, வீட்ல சும்மாதான் இருக்கேன்.” அவசரக்காரர் 92ஐத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நிதானக்காரர் ஒரு நிமிடம் சும்மா இருப்பார். பேசிக்கொண்டே இருக்கும் அந்தப் பெண்ணின் விரல்கள் நிற்காமல் மல்லிகையை நாரில் ஏற்றிக்கொண்டிருப்பது அப்போது கண்ணில் படும்.

“இந்தப் பூ யாருக்குக்கா?”

“பஸ் ஸ்டாண்டு பூக்கடைக்கு. மொழத்துக்கு இவ்வளவுன்னு குடுப்பாங்க.”

“தினமும் கட்டுவீங்களா?”

“ஆமா, சாயங்காலம் வரைக்கும்.”

அவர் 92ஐ அழித்துவிட்டு 11ஐத் தட்டுகிறார்.