சர்க்கரை அளவுக்கு ஓர் எக்ஸெல் அட்டவணை

பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக 2020ல் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகள் பல. எங்கள் பெரியப்பா வீடும் அதில் ஒன்று. மார்ச் 25ல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. பெரியப்பாவுக்கு வயது எழுபது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாதாமாதம் போகும் கிளினிக் மூடியிருந்தது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்ததால், பார்த்த அளவுகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வந்தார். நான் போனில் கேட்டபோதெல்லாம், "சுகர் நல்லா குறைஞ்சிருக்குப்பா" என்றார் பெருமையாக. மாலையில் கொஞ்சம் தலை சுற்றுகிறது என்பதை மட்டும் பெரியம்மா தனியாகச் சொன்னார்.

அந்த எண்களைப் பேத்தி எக்ஸெல்லில் ஏற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. நீங்களும் செய்து பாருங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்; மெனுக்கள் மட்டும் சற்று வேறுபடும்.

புதிய பைலைத் திறந்து, முதல் வரிசையில் தேதி, காலை வெறும் வயிறு, டிபனுக்கு 2 மணி நேரம் கழித்து, இரவு உணவுக்கு முன், குறிப்பு என ஐந்து தலைப்புகளை டைப் செய்திடுங்கள். அளவை எழுதும் கட்டத்தில் எண் மட்டுமே இருக்க வேண்டும். 140 மி.கி. என்று டைப் செய்தால் எக்ஸெல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு கணக்கில் சேர்க்காது. பார்க்காத நாளுக்கு 0 போடாதீர்கள். கட்டத்தைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட்டால் சராசரி பொய்யாகக் குறைந்துவிடும். தேதியிலும் கவனம் தேவை. அமெரிக்க முறையில் செட் செய்யப்பட்ட கம்ப்யூட்டரில் 5/4 என்று டைப் செய்தால் மே 4 ஆகிவிடும்.

இனி நிறம். எண்கள் உள்ள கட்டங்களை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், அதில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், பின் கிரேட்டர் தேன் எனக் கிளிக் செய்து 180 கொடுத்து, மஞ்சளைத் தேர்வு செய்து ஓகே தட்டவும். தாழ்வான அளவுக்கு லெஸ் தேன் கொடுக்க வேண்டாம். காலிக் கட்டங்களும் நிறம் மாறிவிடும். பிட்வீன் என்பதைக் கிளிக் செய்து 1, 69 என இரண்டு எண்களைக் கொடுத்துச் சிவப்பைத் தேர்ந்தெடுங்கள். (உங்களுக்கான எல்லையை டாக்டர் வேறாகச் சொல்லியிருந்தால் அதையே போடுங்கள்.)

சராசரிக்கு, பத்தியின் கீழே உள்ள கட்டத்தில் கிளிக் செய்து, ஆட்டோசம் பட்டனை ஒட்டிய அம்புக்குறியில் ஆவரேஜ் தேர்வு செய்யவும். இடையில் காலிக் கட்டம் இருந்தால் எக்ஸெல் அதுவரைதான் எடுத்துக்கொள்ளும். முழுப் பத்தியையும் நீங்களே மவுஸால் இழுத்துக் காட்டி என்டர் தட்டுங்கள்.

ஒவ்வொரு பத்திக்கும் தனியே சராசரி எடுப்பது ஏன் என்று கேட்கலாம். பெரியப்பாவின் கணக்கைப் பாருங்கள். காலையில் 120, டிபனுக்குப் பின் 190, இரவு உணவுக்கு முன் 65. மூன்றுக்கும் சேர்த்து சராசரி 125. கேட்க அழகான எண்தான்! ஆனால் இரவு உணவுக்கு முந்தைய பத்தி முழுக்கச் சிவப்பாக இருந்தது. 70க்குக் கீழ் போவது தாழ்சர்க்கரை. மயக்கம் வரை கொண்டு போகும். வயதானவர் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம்.

காரணம் குறிப்புப் பத்தியில் கிடைத்தது. ஊரடங்குக்கு முன் தினமும் நான்கு மணிக்குத் தெருமுனைக் கடையில் டீயும் வடையும் சாப்பிடுவாராம், வீட்டுக்குச் சொல்லாமல்! கடை மூடியதும் அது நின்றுபோனது. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தது.

அட்டவணையை பைல் மெனுவில் சேவ் அஸ் மூலம் பி.டி.எப். ஆக்கி, வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு அனுப்பினார்கள். தொலைமருத்துவத்துக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளும் அதே மார்ச் 25ல்தான் வெளியாகியிருந்தன. வீடியோ காலில் பேசிய டாக்டர், காலை மாத்திரையைப் பாதியாக்கினார். மாலையில் ஒரு கைப்பிடி சுண்டல் சாப்பிடச் சொன்னார். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். அந்த முடிவு டாக்டருடையது. 70க்குக் கீழ் காட்டினால் மட்டும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

விரலில் குத்துமுன் சோப்பால் கழுவித் துடைத்துவிடுங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு பார்த்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும், அட்டவணையும் வீணாக மஞ்சளாகும். பைலின் நகல் ஒன்றைப் பென் டிரைவிலும் வையுங்கள். பேத்தி ஒருமுறை பழைய மாதத்தின் மேலேயே புதிய மாதத்தை டைப் செய்து சேவ் செய்துவிட்டாள். காலண்டர் தாளைப் பெரியம்மா எறியாமல் வைத்திருந்ததால் ஏப்ரல் மாதம் தப்பியது.